மலை லிங்க்குகளில் ஓ.எஸ்.பி.எஃப்: இன்டர்ஃபேஸ் வகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் தேயிலை ஃபேக்டரி, பள்ளிக்கூடம், விடுதி என்று ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் கட்டடங்களை ரேடியோவாலும் ஃபைபராலும் இணைத்து வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஓ.எஸ்.பி.எஃப் என்பது ரவுட்டர்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறி, பாக்கெட் போக வேண்டிய பாதையைக் கணக்கிடும் முறை; இன்டர்ஃபேஸ் என்பது ரவுட்டரின் ஒரு போர்ட். எடுத்துக்காட்டுக்கு ஒரு நெட்வொர்க்கை மனதில் வைத்துக்கொள்வோம். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட். பள்ளத்தில் ஃபேக்டரி, மேட்டில் ஆபீஸ், அதற்கும் மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு டவர். ஃபேக்டரிக்கும் ஆபீசுக்கும் நடுவே ஃபைபர். ஆபீசில் இருந்து டவருக்கு ரேடியோ. டவரில் இருந்து மூன்று பச்சை இலை எடை மையங்களுக்கு ஒரே செக்டர் ஆண்டெனா. குன்னூரில் ஒரு கிளை ஆபீஸ். கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன்.

இன்டர்ஃபேஸ் வகை என்றால் என்ன? வயரா ரேடியோவா என்று சொல்வதா?

இல்லை. வயரா, ரேடியோவா, எவ்வளவு வேகம் என்பதையெல்லாம் இந்த வகை சொல்வதில்லை. அந்த இன்டர்ஃபேஸுக்கு அப்பால் எத்தனை ரவுட்டர்கள் இருக்கின்றன, அதில் யார் பேசினால் யாருக்குக் கேட்கும் என்பதைத்தான் நீங்கள் இங்கே சொல்கிறீர்கள். ரவுட்டர் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை, அப்படியே நம்பிவிடும். நம்பி மூன்று விஷயங்களை முடிவு செய்யும்: 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும் ஹலோ பாக்கெட்டை எல்லோருக்கும் ஒன்றாக மல்டிகாஸ்ட்டில் அனுப்புவதா, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக யூனிகாஸ்ட்டில் அனுப்புவதா; எல்லோர் சார்பிலும் பேச டி.ஆர். எனப்படும் டெசிக்னேட்டட் ரவுட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா; இந்த லிங்க்கைப் பற்றி மற்ற ரவுட்டர்களுக்கு அனுப்பும் எல்.எஸ்.ஏ. என்ற அறிவிப்பில் என்னவென்று எழுதுவது. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வம்பு பெரும்பாலும் அங்கேதான்.

எத்தனை வகை? எதை எங்கே போடுவது?

ஐ.பி.வி4-க்கான ஓ.எஸ்.பி.எஃப் இரண்டாம் பதிப்பு, 1998-இல் ஜான் மாய் எழுதிய ஆர்.எஃப்.சி 2328-இல் இருக்கிறது. அதில் உள்ளவை பிராட்காஸ்ட், என்.பி.எம்.ஏ., பாயிண்ட்-டு-பாயிண்ட், பாயிண்ட்-டு-மல்டிபாயிண்ட், அப்புறம் விர்ச்சுவல் லிங்க். சிஸ்கோ தன் பங்குக்கு பாயிண்ட்-டு-மல்டிபாயிண்ட் நான்-பிராட்காஸ்ட் என்று ஒன்றைச் சேர்த்தது.

ஒரே சுவிட்சில் மூன்று நான்கு ரவுட்டர்கள் தொங்குகின்றனவா? பிராட்காஸ்ட். இரண்டே முனைகள், நடுவில் வேறு யாரும் இல்லையா? ஃபைபரோ ரேடியோவோ, பாயிண்ட்-டு-பாயிண்ட். ஒரு டவரைப் பல முனைகள் பார்க்கின்றன, ஆனால் அந்த முனைகள் ஒன்றையொன்று பார்க்கவில்லையா? பாயிண்ட்-டு-மல்டிபாயிண்ட். என்.பி.எம்.ஏ. (பலர் இருந்தும் பிராட்காஸ்ட் செய்ய முடியாத நெட்வொர்க்) என்பது ஃபிரேம் ரிலே, ஏ.டி.எம். என்ற பழைய தொலைத்தொடர்பு லிங்க்குகளின் காலத்துச் சரக்கு. இன்றைக்குப் புதிதாக அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அபூர்வம்.

மலையில் ரவுட்டர் இருக்கும் இடங்களை எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் இரண்டு முனை லிங்க்குகள்தான். ஆனால் ஈதர்நெட் போர்ட் என்றாலே ரவுட்டர் தானாக பிராட்காஸ்ட் என்று எடுத்துக்கொள்ளும். அதை யாரும் மாற்றுவதில்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால், இரண்டு முனை லிங்க் ஒவ்வொன்றையும் பாயிண்ட்-டு-பாயிண்ட் ஆக்குங்கள்.

நான் /30 போட்டிருக்கிறேன். இரண்டே முகவரிதானே, தானாகவே பாயிண்ட்-டு-பாயிண்ட் ஆகிவிடாதா?

ஆகாது. /30 மட்டுமல்ல, ஆர்.எஃப்.சி 3021 சொல்லும் /31 போட்டாலும் ஈதர்நெட் இன்டர்ஃபேஸின் இயல்பான வகை பிராட்காஸ்ட்தான். மாஸ்க்கைப் பார்த்து வகையை ஊகிக்கும் பழக்கம் ஓ.எஸ்.பி.எஃப்-க்குக் கிடையாது. சிஸ்கோவிலும், எஃப்.ஆர்.ஆர். என்ற இலவச ரவுட்டிங் மென்பொருளிலும் இன்டர்ஃபேஸுக்குள் போய் 'ஐபி ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் பாயிண்ட்-டு-பாயிண்ட்' என்று கொடுக்க வேண்டும். ஜூனிப்பரின் ஜூனோஸில் 'இன்டர்ஃபேஸ்-டைப் பி2பி'. மைக்ரோடிக் 7-ஆம் பதிப்பில் இன்டர்ஃபேஸ் டெம்ப்ளேட்டில் டைப் என்ற இடத்தில் 'பிடிபி'.

பிராட்காஸ்ட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. எதற்கு மாற்ற வேண்டும்?

ஓடுகிறது, சரி. லிங்க் விழுந்து எழும்போது பாருங்கள். பிராட்காஸ்ட் இன்டர்ஃபேஸ் மேலே வந்ததும், ஏற்கெனவே டி.ஆர். யாராவது இருக்கிறார்களா என்று டெட் டைமர் (ஹலோ கேட்காவிட்டால் மறுமுனை போய்விட்டது என்று முடிவு செய்யும் நேரம்) அளவுக்கு, அதாவது 40 விநாடி காத்திருக்கும். அதற்குப் பிறகுதான் தேர்தல். பாயிண்ட்-டு-பாயிண்ட்டில் தேர்தலே இல்லை. இரண்டு பக்கமும் ஹலோ கேட்டவுடன் வேலை தொடங்கிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மின்சாரம் போய் வந்துகொண்டிருக்கும் கூடலூர்ப் பக்கம் இந்த 40 விநாடி ஒரு நாளில் எத்தனை முறை கழியும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. பிராட்காஸ்ட் லிங்க் ஒவ்வொன்றுக்கும் டி.ஆர். ஒரு டைப்-2 எல்.எஸ்.ஏ.-வை உருவாக்கும். இரண்டே பேர் இருக்கும் இடத்தில் அது தண்டம். டேட்டாபேஸும் வீணாகப் பெருக்கும், படிக்கிறவருக்கும் தலைவலி.

நெய்பர் (மறுமுனை ரவுட்டர்) ஃபுல், அதாவது உறவு முழுமை, என்று காட்டுகிறது. ஆனால் ஒரு ரூட்டும் வரவில்லை. ரவுட்டர் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. ஒரு முனையில் பிராட்காஸ்ட், மறுமுனையில் பாயிண்ட்-டு-பாயிண்ட் என்று இருக்கும். இந்தத் துறையில் ஆளை அதிகம் சுற்றவிடும் கோளாறு இது என்பேன். கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ஆபீஸ் ரவுட்டர் 10.20.0.1, டவர் ரவுட்டர் 10.20.0.2. டவரில் மட்டும் யாரோ பாயிண்ட்-டு-பாயிண்ட் போட்டுவிட்டார்கள். இரண்டு வகைக்கும் ஹலோ 10 விநாடி, டெட் 40 விநாடி. அதனால் ஹலோவில் முரண்பாடு எதுவும் இல்லை. டேட்டாபேஸ் பரிமாற்றமும் ஒழுங்காக நடக்கும். ஆபீசில் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்' அடித்தால் ஃபுல், பக்கத்தில் டி.ஆர். அல்லது பி.டி.ஆர். (டி.ஆர். போனால் அதன் இடத்துக்கு வருபவர்). டவரில் அடித்தால் ஃபுல், பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும். அந்தக் கோடுதான் துப்பு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் ஆரோக்கியமாகத் தெரியும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

ரூட் ஏன் வரவில்லை? ஆபீஸ் ரவுட்டர் தன் எல்.எஸ்.ஏ.-வில், 'நான் ஒரு பொது நெட்வொர்க்கில் சேர்ந்திருக்கிறேன்' என்று எழுதுகிறது. டவர் ரவுட்டரோ, 'நான் நேராக ஆபீஸ் ரவுட்டரோடு இணைந்திருக்கிறேன்' என்று எழுதுகிறது. பாதையைக் கணக்கிடும்போது ஒவ்வொரு லிங்க்கையும் மறுமுனையும் அதேபோல ஒப்புக்கொள்கிறதா என்று பார்ப்பது ஓ.எஸ்.பி.எஃப்-இன் விதி. இரண்டு கூற்றும் பொருந்தவில்லை, அதனால் லிங்க்கே இல்லை என்று கணக்கில் இருந்து தள்ளிவிடும். சிஸ்கோவில் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ் ரவுட்டர்' அடித்தால், மறுமுனையின் பதிவில் 'அட்வ் ரவுட்டர் இஸ் நாட்-ரீச்சபிள்' என்ற வரி இருக்கும். அது கண்ணில் பட்டால் கேபிளையும் ஆண்டெனாவையும் தொடவே வேண்டாம். இரண்டு முனையிலும் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ்' அடித்து நெட்வொர்க் டைப் என்ற இடத்தை ஒப்பிடுங்கள்.

அப்படியானால் இரண்டு முனையிலும் எப்போதும் ஒரே வகைதான் இருக்க வேண்டுமா?

ஒரே வகையாக வைப்பதுதான் நல்லது. கண்டிப்பாகச் சொன்னால் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. டி.ஆர். தேர்ந்தெடுக்கும் பிராட்காஸ்ட், என்.பி.எம்.ஏ. ஒரு கட்சி. டி.ஆர். இல்லாத பாயிண்ட்-டு-பாயிண்ட், பாயிண்ட்-டு-மல்டிபாயிண்ட் இன்னொரு கட்சி. ஒரே கட்சிக்குள் டைமரைச் சமப்படுத்தினால் வேலை செய்யும். சிஸ்கோவில் என்.பி.எம்.ஏ.-க்கும் பாயிண்ட்-டு-மல்டிபாயிண்ட்டுக்கும் ஹலோ 30, டெட் 120 என்பதால் டைமரைத் தொடாமல் கலந்தால் நெய்பரே வராது. அது ஒருவகையில் நல்லதுதான், உடனே தெரிந்துவிடும்.

டவரில் இருந்து மூன்று எடை மையங்களுக்கு ஒரே செக்டர். /29 போட்டு பிராட்காஸ்ட்டில் விட்டேன். ஒரு மையம் இன்னொரு மையத்தோடு பேச மாட்டேன் என்கிறது.

பேசாது. அந்த மூன்று மையங்களும் டவரைத்தான் பார்க்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே ஒரு மலைச்சரிவோ, வளர்ந்துவிட்ட சில்வர் ஓக் வரிசையோ இருக்கும். போதாக்குறைக்கு அக்சஸ் பாயிண்ட்டில் கிளையண்ட் ஐசோலேஷன் போட்டிருப்பார்கள். நீங்கள் பிராட்காஸ்ட் என்று சொன்னதால், முதல் மையம் இரண்டாம் மையத்தை ஒரே சுவிட்சில் இருப்பதாக நினைத்து நேராக ஏ.ஆர்.பி. மூலம் அதன் வன்பொருள் முகவரியைக் கேட்கும். பதில் வராது. அதைவிட மோசம், ரவுட்டர் ஐ.டி. பெரியதாக இருக்கும் ஏதாவது ஒரு மையம் டி.ஆர். ஆகிவிட்டால், மற்ற இரண்டுக்கும் டி.ஆர். யாரென்றே தெரியாது.

பாயிண்ட்-டு-மல்டிபாயிண்ட் போட்டால் டவர் ரவுட்டர் மூன்று தனித்தனி லிங்க்குகள் இருப்பதாக எழுதும். ஒவ்வொரு ரவுட்டரும் தன் இன்டர்ஃபேஸ் முகவரியை /32 ஆக அறிவிக்கும். முதல் மையத்தின் ரூட்டிங் டேபிளில் இரண்டாம் மையத்தின் /32 டவர் வழியாக இருக்கும். அது /29-ஐவிடக் குறிப்பான ரூட் என்பதால் பாக்கெட் டவருக்குப் போய்த் திரும்பி இறங்கும். எடை மிஷினில் இருந்து வரும் இலைக் கணக்கு ஆபீசுக்குப் போக இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. டேபிளில் /32-கள் கூடுதலாகத் தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

செக்டர் லிங்க்கில் சிக்னல் நன்றாக இருக்கிறது, பிங் போகிறது. ஆனால் நெய்பர் அடிக்கடி விழுகிறது. டவரில் பார்த்தால் இனிட் என்று நிற்கிறது. ஏன்?

ஓ.எஸ்.பி.எஃப் ஹலோ 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போகிறது. வைஃபை அடிப்படையிலான ரேடியோவில் அக்சஸ் பாயிண்ட் மல்டிகாஸ்ட்டை அனுப்பும்போது மறுமுனையிடம் கிடைத்ததா என்று கேட்பதில்லை. தொலைந்தால் திரும்ப அனுப்பாது. பிங் யூனிகாஸ்ட் என்பதால் தொலைந்தாலும் ரேடியோ தானே திரும்ப அனுப்பிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. எதிர்த்திசையில் நிலைமை வேறு. மையத்தில் இருந்து மேலே போகும் ஃபிரேம், மல்டிகாஸ்ட்டாகவே இருந்தாலும், காற்றில் அக்சஸ் பாயிண்ட்டின் பெயருக்கே போகிறது. அதற்கு ஒப்புகை உண்டு. ஆகவே டவருக்கு மையத்தின் குரல் கேட்கும், மையத்துக்கு டவரின் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். தொடர்ந்து நான்கு ஹலோ தொலைந்தால் மையம் டவரை மறந்துவிடும். மையம் அடுத்து அனுப்பும் ஹலோவில் தன் பெயர் இல்லாததைப் பார்த்து டவர், ஒருபக்கம் மட்டும் கேட்கும் நிலையான இனிட்டுக்கு இறங்கும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

சிஸ்கோ என்றால் 'பாயிண்ட்-டு-மல்டிபாயிண்ட் நான்-பிராட்காஸ்ட்' போட்டு, டவரில் ஒவ்வொரு மையத்துக்கும் 'நெய்பர்' வரி எழுதுங்கள். ஹலோ யூனிகாஸ்ட்டில் போகும். கூடவே ஒவ்வொரு நெய்பருக்கும் தனிக் காஸ்ட் (பாதையின் விலை; குறைவானதே தேர்வாகும்) கொடுக்கலாம், பலவீனமான மையத்தைக் கடைசியில் தள்ள வசதி. சில ரேடியோக்களில் மல்டிகாஸ்ட்டை யூனிகாஸ்ட்டாக மாற்றும் வசதி இருக்கிறது. இருந்தால் அதையும் போட்டுப் பார்க்கலாம்.

பனிமூட்டம் வந்தால் லிங்க் விழுகிறது என்கிறார்கள். வகையை மாற்றினால் சரியாகுமா?

5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவைப் பனிமூட்டம் ஒன்றும் செய்வதில்லை. மழைகூட 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலேதான் பெரிதாகப் பாதிக்கும். தொட்டபெட்டாவையே மறைக்கும் மூட்டத்திலும் 5 கிகாஹெர்ட்ஸ் போகும். பழியைப் பனி மேல் போடுவதற்கு முன் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதா, காற்றில் டிஷ் திரும்பியிருக்கிறதா, பாதையில் நிற்கும் கற்பூர மரம் இந்த வருடம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பாருங்கள். நனைந்த இலை ரேடியோ அலையை நன்றாகவே விழுங்கும், மூட்டமும் ஈரமும் சேர்ந்தே வருவதால் பழி மூட்டத்துக்குப் போகிறது. ஓ.எஸ்.பி.எஃப்-இல் எதை மாற்றினாலும் இது சரியாகாது.

ரேடியோ விழுந்த பிறகும் 40 விநாடி வரை ஃபைபர் வழிக்கு மாற மாட்டேன் என்கிறது.

ரவுட்டருக்கும் ரேடியோவுக்கும் நடுவே இருக்கும் ஈதர்நெட் கேபிள் விழவில்லையே. காற்றில் லிங்க் போனாலும் போர்ட் உயிரோடு இருக்கிறது. அதனால் டெட் டைமர் முடியும் வரை ரவுட்டருக்குத் தெரியாது. 'ஐபி ஓஎஸ்பிஎஃப் ஹலோ-இன்டர்வல் 3' என்று இரண்டு முனையிலும் கொடுத்தால் சிஸ்கோவில் டெட் தானாக நான்கு மடங்கு, 12 விநாடி ஆகும். அதைவிடச் சீக்கிரம் வேண்டுமென்றால், லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று வேகமாகச் சோதிக்கும் பி.எஃப்.டி. இருக்கிறது. ஆனால் 300 மில்லி விநாடி, மூன்று முறை என்று ஃபைபருக்குக் கொடுக்கும் அளவை மலை ரேடியோவுக்குக் கொடுத்தால், ஒரு காற்று அடித்ததற்கெல்லாம் ரூட் மாறிக்கொண்டே இருக்கும். ரேடியோவில் 12 விநாடியே எனக்குப் போதும்.

ஆபீஸ் சுவிட்சில் நான்கு ரவுட்டர்கள். இரண்டுக்கு நடுவே மட்டும் ஃபுல் வராமல் டூ-வேயிலேயே நிற்கிறது. கோளாறா?

கோளாறு இல்லை. டி.ஆர்.-உம் பி.டி.ஆர்.-உம் அல்லாத இரண்டு ரவுட்டர்கள் டூ-வேயோடு, அதாவது இருவர் ஹலோவும் இருவருக்கும் கேட்டதோடு, நின்றுவிடும், அதுதான் வடிவமைப்பு. பத்து ரவுட்டர்கள் இருந்தால் எல்லோரும் எல்லோரோடும் ஃபுல் ஆக 45 உறவுகள் வேண்டும். டி.ஆர்., பி.டி.ஆர். இருந்தால் 17 போதும்.

டி.ஆர். ஆக வேண்டிய ரவுட்டருக்கு ப்ரையாரிட்டி 100 கொடுத்தேன். மாறவில்லையே?

தேர்தல் முடிந்த பிறகு வந்தவருக்கு எவ்வளவு ப்ரையாரிட்டி இருந்தாலும் நாற்காலி கிடைக்காது. இருக்கிறவர் போக வேண்டும். ராத்திரி வேளையில் பழைய டி.ஆர்.-இலும், அதன் இடத்துக்கு வரும் பி.டி.ஆர்.-இலும் 'க்ளியர் ஐபி ஓஎஸ்பிஎஃப் ப்ராசஸ்' கொடுங்கள். ஒரு ரவுட்டர் எந்தக் காலத்திலும் டி.ஆர். ஆகக் கூடாது என்றால் ப்ரையாரிட்டி 0.

லூப்பேக்குக்கு /24 கொடுத்தேன், மறுபக்கம் /32 ஆக வருகிறது.

லூப்பேக் (ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் கற்பனை இன்டர்ஃபேஸ்) என்ற வகையே அப்படித்தான், ஒற்றை முகவரியாக அறிவிக்கும். முழு மாஸ்க்கும் போக வேண்டுமென்றால் சிஸ்கோவில் அந்த லூப்பேக்கிலேயே பாயிண்ட்-டு-பாயிண்ட் கொடுங்கள். ரவுட்டர் ஐ.டி.-க்காக வைத்திருக்கும் லூப்பேக் என்றால் /32-ஏ சரி, விட்டுவிடுங்கள்.

குன்னூர் கிளைக்கு ஜி.ஆர்.இ. டனல் (வேறொரு நெட்வொர்க் வழியே போகும் கற்பனை லிங்க்). நெய்பர், டேட்டாபேஸ் பரிமாற்றத்துக்கு முந்தைய நிலையான எக்ஸ்-ஸ்டார்ட்டிலேயே மாட்டிக்கொள்கிறது.

வகைக்கும் இதற்கும் தொடர்பில்லை; எம்.டி.யு., அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பொருந்தவில்லை. ஒரு முனையில் 1476, மறுமுனையில் 1400 என்று இருக்கும். இரண்டையும் ஒன்றாக்குங்கள். 'எம்டியு-இக்னோர்' போட்டால் நெய்பர் வந்துவிடும், ஆனால் பெரிய பாக்கெட்டுகள் பிறகு வழியில் தொலையும். அந்த வழிக்குப் போகாதீர்கள். டனலின் இயல்பான வகை பாயிண்ட்-டு-பாயிண்ட்தான், அதை மாற்ற வேண்டாம்.

ரேடியோவும் ஃபைபரும் ஒரே காஸ்ட் காட்டுகின்றன. வகையால் வருவதா?

இல்லை. சிஸ்கோ 100 எம்.பி.பி.எஸ்.-ஐ அடிப்படையாக வைத்து வகுப்பதால் 100 எம்.பி.பி.எஸ். போர்ட்டுக்கும் கிகாபிட் போர்ட்டுக்கும் காஸ்ட் 1 தான். ரேடியோ 80 எம்.பி.பி.எஸ். தாங்கினாலும் ரவுட்டர் பார்ப்பது கிகாபிட் போர்ட்டை. எல்லா ரவுட்டரிலும் 'ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்விட்த்' அளவை ஒரே மாதிரி உயர்த்துங்கள், ரேடியோ லிங்க்குகளுக்கு 'ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட்' என்று கையால் கொடுங்கள்.

ஐ.பி.வி6-க்கும் இதே வகைகள்தானா?

ஆமாம். கட்டளை 'ஐபிவி6' என்று தொடங்கும். ஹலோ எஃப்.எஃப்.02::5-க்குப் போகும்.

ஓ.எஸ்.பி.எஃப்-க்குப் பதில் ஐ.எஸ்-ஐ.எஸ். என்ற இன்னொரு ரூட்டிங் முறையைப் பயன்படுத்தினால்?

அதில் பிராட்காஸ்ட், பாயிண்ட்-டு-பாயிண்ட் என இரண்டே. முனைகள் பொருந்தாவிட்டால் நெய்பரே வராது, ஓ.எஸ்.பி.எஃப் மாதிரி ஃபுல் காட்டி ஏமாற்றாது.

ஓடிக்கொண்டிருக்கும் லிங்க்கில் வகையை மாற்ற வேண்டும். டவர் ரவுட்டருக்கு நேரில் போக முடியாது. எப்படிச் செய்வது?

மாற்றும்போது நெய்பர் விழுந்து எழும், நடுவில் ரூட் இருக்காது. ஆகவே வீட்டில் இருந்து டவர் ரவுட்டரின் லூப்பேக் முகவரிக்குள் நுழைந்து மாற்றினால் உங்கள் செஷன் அத்தோடு தொங்கிவிடும். அதற்குப் பதில் முதலில் ஆபீஸ் ரவுட்டருக்குள் போங்கள். அங்கிருந்து லிங்க்கின் மறுமுனை முகவரியான 10.20.0.2-க்கு எஸ்.எஸ்.ஹெச். போடுங்கள். அது நேரடியாக இணைந்த சப்நெட், ஓ.எஸ்.பி.எஃப் செத்தாலும் போகும்.

உள்ளே போனதும் முதல் வேலை, சிஸ்கோ என்றால் கான்ஃபிகை சேமித்துவிட்டு 'ரீலோட் இன் 10', மைக்ரோடிக் என்றால் சேஃப் மோட். தப்பாகப் போனால் ரவுட்டர் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். பிறகு டவர் முனையை மாற்றுங்கள், அதன் பின் ஆபீஸ் முனையை. எப்போதும் தூரத்து முனை முதலில். இரண்டிலும் ஃபுல் பக்கத்தில் கோடு வந்ததா, ரூட்டிங் டேபிளில் எடை மையங்களின் முகவரிகள் வந்தனவா என்று பாருங்கள். வந்திருந்தால் 'ரீலோட் கேன்சல்' கொடுத்துச் சேமியுங்கள். ரீலோடை ரத்து செய்ய மறந்துவிட்டு டீ குடிக்கப் போனால் பத்தாவது நிமிடத்தில் எடை மையங்களில் இருந்து போன் வரும்.

அக்டோபர், நவம்பரில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் மண் சரிந்து சாலை அடைபடுவது உண்டு. இந்த மாற்றங்களை அதற்கு முன்னால், சாலை திறந்திருக்கும் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்துவிடுங்கள்.